பெண் வேடத்துக்கு அளவு

ஆணின் உடம்பில் பெண்ணின் ரவிக்கை முரண்டு பிடிக்கும் இடம் தோள். என் கடைக்கு வரும் பெண்களுக்கு ஒரு தோள்முனையிலிருந்து மறுமுனைக்கு 14, 14½ அங்குலம் வரும். பெண் வேடம் கட்டும் பிள்ளைகளுக்கு 17, சிலருக்கு 18. அந்தக் கூடுதல் அங்குலங்களைப் பார்ப்பவர் கண்ணிலிருந்து மறைப்பதுதான் இந்தத் தையலில் பாதி வேலை. கழுத்தை ‘வி’ வடிவத்தில் ஆழமாக இறக்குவேன். பார்வை குறுக்கே ஓடாமல் கீழே இறங்கும். கையை முழங்கைக்குக் கீழே வரை விட்டு, உடம்புத் துணியைவிடக் கொஞ்சம் அழுத்தமான நிறத்தில் வைப்பேன். முன்பக்கக் கொக்கி கிடையாது. முதுகில் ஜிப், அதுவும் பெரிய பல் வைத்த ஜிப். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவில் உடை மாற்றுகிறவர் கொக்கியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மலேசியாவின் காஜாங்கில் தையல் கடை வைத்திருக்கிறேன். பள்ளிச் சீருடை, கல்யாண ரவிக்கை, சின்னப் பிள்ளைகளுக்குப் பட்டுப் பாவாடை என்று ஓடும் கடை. தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போதே ‘இனி துணி எடுப்பதில்லை’ என்று அட்டை எழுதித் தொங்கவிட்டுவிடுவேன். அந்த அட்டையைத் தாண்டி உள்ளே வந்து, “அக்கா, எனக்கு மட்டும்” என்று கெஞ்சுகிற உரிமையைப் பெண் வேடம் கட்டும் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். தீபாவளி, கிறிஸ்துமஸ், சீனப் புத்தாண்டு என்று நீண்ட விடுமுறை வரும்போதெல்லாம் கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏதாவது ஒரு வீட்டில் கரோக்கே இரவு நடக்கும். அதில் இவர்கள் பாடி, ஆடி, தொகுத்து வழங்குவார்கள். ட்ரேக் என்று இந்தக் கலைக்கு உலகம் முழுக்கப் பெயர். என் வாடிக்கைக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்கு நான் நின்று நிதானமாக விளக்குவேன். அதை இங்கே எழுதியே வைத்துவிடுகிறேன்.

ஓர் ஆண் மேடைக்காகப் பெண் தோற்றம் ஏற்பது ட்ரேக். தோற்றம் வேண்டுமென்றே மிகையாக இருக்கும்: கண் பெரிது, கொண்டை பெரிது, நடை பெரிது. பெண்கள் மீசை வைத்து ஆண் வேடம் கட்டுவதும் இதே கலைதான். திருநங்கையர் வாழ்க்கை வேறு. திருநங்கை தன்னைப் பெண்ணாக உணர்ந்து, பெண்ணாகவே எழுந்து, பெண்ணாகவே வேலைக்குப் போகிறவர். இரவு வீட்டுக்கு வந்து கலைத்து வைக்க அவரிடம் வேடம் எதுவும் இல்லை. ட்ரேக் கலைஞர் மேடை முடிந்ததும் முகத்தைத் துடைத்துக் கைலி கட்டிக்கொண்டு படுத்துவிடுவார். திருநங்கைகளிலும் ட்ரேக் ஆடுகிறவர்கள் உண்டு என்பதால் வெளியாட்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அப்படிக் கலப்பதால் இரு தரப்புக்கும் தொல்லை.

எனக்கு வரும் பிள்ளைகளில் ஒருவர் ஷா ஆலாமில் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறார். இன்னொருவர் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் ஆண் தாதி. மூத்தவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. மற்ற இருவருக்கும் முகம் எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவர். பெயர் எதையும் நான் எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

இடுப்புக்குத் தனி வேலை இருக்கிறது. சோபாவுக்குள் வைக்கும் ஸ்பாஞ்சை வாங்கி, இரண்டு துண்டாக இடுப்பு வளைவுக்கு வெட்டுவேன். நடுவில் கனமாக இருந்து ஓரம் வரவர மெலிய வேண்டும். ஓரம் தடித்துவிட்டால் புடவைக்கு மேலேயே கோடு தெரியும். மேடை விளக்கில் அந்தக் கோடு இன்னும் பச்சையாகத் தெரியும். அந்த ஸ்பாஞ்சைத் தொடையோடு சேர்த்து வைத்து, அதன்மேல் காலோடு ஒட்டும் உறைகளை மூன்று நான்கு அடுக்காக இழுத்துப் போடுவார்கள். அதன்மேல் இடுப்புக் கச்சு. அதன்மேல்தான் புடவை. நம் ஊர் வெக்கையில், மின்விசிறிக் காற்று எட்டாத ஒரு மூலையில், இத்தனையும் உடுத்துக்கொண்டு ஐந்து நிமிடக் குத்துப் பாட்டுக்கு ஆடுவதற்கு எத்தனை மூச்சு வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். “முதுகு வேர்த்தா யாருக்கும் தெரியாது அக்கா, கக்கம் வேர்த்தா கதை முடிஞ்சது” என்று மூத்தவர் சொன்ன பிறகு, கக்கத்தில் வேர்வை உறிஞ்சும் இரட்டைத் துணி வைத்துத் தைக்கத் தொடங்கினேன். அதைக் கழற்றித் துவைக்கலாம்.

புடவையை நான் கட்டிவிடுவதில்லை, தைத்துவிடுகிறேன். கொசுவத்தை முன்கூட்டியே மடித்து இடுப்புப் பட்டியில் அடித்து, முந்தானைக்கு மடிப்பு வைத்து, ரவிக்கையின் தோளில் அழுத்துப் பொத்தான் போட்டுவிட்டால் பாவாடை போடுவதுபோல் போட்டுவிடலாம். இவர்களுக்காகத் தைக்கப் பழகிய இந்த முறையில்தான் இப்போது வயதான அம்மாமார்களுக்கும், கையில் அடிபட்டவர்களுக்கும் புடவை தைத்துக் கொடுக்கிறேன்.

முகத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆகும். பள்ளிப் பிள்ளைகள் காகிதம் ஒட்டும் பசைக் குச்சியை எடுத்துப் புருவத்தின்மேல் தடவித் தடவி முடியைப் படுக்க வைப்பார்கள். காய்ந்ததும் மாவு போட்டு, மறுபடி பசை, மறுபடி மாவு. சொந்தப் புருவம் காணாமல் போன பிறகு, அதற்கு அரை அங்குலம் மேலே புதுப் புருவம் எழுதுவார்கள். மழித்த தாடியின் நீலச் சாயல் தெரியாமலிருக்க முதலில் ஆரஞ்சு நிறம் பூசி, அதற்குமேல்தான் தோல் நிறம். மூக்கின் இரு பக்கமும் நிழல், நடுவில் வெளிச்சம். மூத்தவர் முகம் எழுதும்போது பேசமாட்டார். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் அவர் நடையும் உட்காரும் விதமும் மாறிக்கொண்டே வருவதை நான் பலமுறை ஊசியும் கையுமாக நின்று பார்த்திருக்கிறேன். கடைசியாகப் பொய்முடியை வைத்துப் பசை போட்டு அழுத்தியதும் எழுந்து நிற்பவரை ‘தம்பி’ என்று கூப்பிட எனக்கு வாய் வராது.

சென்ற தீபாவளிக்கு மறுநாள் இரவு, காஜாங்கில் ஒரு தாமானில் அப்படி ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வரிசை வீடுதான். வாசலில் கூடாரம் போட்டு, காடியை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தையே மேடையாக்கியிருந்தார்கள். பெரிய தொலைக்காட்சி ஒன்று, இரண்டு ஒலிபெருக்கி, கம்பியில்லாத மைக் இரண்டு, பாட்டு ட்ராக்குகள் நிறைந்த ஒரு மடிக்கணினி. உள்ளே ஆட்டிறைச்சிப் பிரட்டல், முறுக்கு, நெய்யுருண்டை. காஜாங்கில் விருந்து என்றால் சாத்தே இல்லாமல் முடியாது, அதுவும் இருந்தது. வீட்டுக்காரரின் அம்மாவுக்கு எழுபதுக்குமேல். விளக்கெண்ணெய் தடவிய தலையும் நூல் புடவையுமாக முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுச் சீனத் தம்பதியும் வந்திருந்தார்கள்.

முதல் ஒரு மணி நேரம் விருந்தினர் பாட்டு. மாமாக்கள் டி.எம்.எஸ். பாட்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள் அல்லவா? அவர்களிடமிருந்து மைக்கை வாங்குவதே தொகுப்பாளருக்கு முதல் சோதனை. மூத்தவர் பச்சைப் பட்டுப் புடவையில் வந்து நின்று, ஒரு மாமாவின் தோளில் கைவைத்து, “அண்ணே, அந்த உச்சஸ்தாயியில வச்ச காலை இன்னும் எடுக்கலை நீங்க, விழுந்திரப் போறீங்க” என்றார். கூடாரமே அதிர்ந்தது. மாமாவும் சிரித்துக்கொண்டே மைக்கைக் கொடுத்தார். அந்த நையாண்டிக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. யார் தாங்குவார், யார் தாங்கமாட்டார் என்று கண்ணாலேயே அளந்துவிடுவார். கூட்டத்தின் கடைசியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவரை ஒருநாளும் தொடமாட்டார். ஒருவர் நிறத்தை, உடம்புப் பருமனை, பிள்ளை இல்லாததை வைத்து ஒரு வார்த்தை வராது. நம் தொலைக்காட்சி நகைச்சுவையில் ஓர் ஆணுக்குப் புடவையைச் சுற்றி அனுப்பிவிட்டு, அந்தப் புடவையையே பார்த்துச் சிரிக்கச் சொல்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இங்கே சிரிக்க வைக்கிறவர் புடவை கட்டியவர். சிரிப்பின் கயிறு அவர் கையில் இருக்கிறது.

அன்று இரவின் பெரிய ஐட்டம் கிடங்குத் தம்பியுடையது. ஒரே ஆள் இரு குரல். வலப் பாதி வேட்டி சட்டை, அரை மீசை, வாரிய தலை. இடப் பாதி சிவப்புப் புடவை, ஜிமிக்கி, பாதிக் கொண்டை. எஸ்.பி.பி. பாடும் அடிக்கு வலப் பாதி தெரியத் திரும்புவார், எஸ். ஜானகி பாடும் அடிக்கு இடப் பாதி தெரிய. பாட்டு வேகம் பிடிக்கப் பிடிக்கத் திரும்புவதும் வேகமாகும். அர்த்தநாரீசுவரரைக் கோயிலில் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தத் தோற்றம் புதிதில்லை, ஆனால் அதைத் துணியில் கொண்டுவருவது எனக்குப் புதிது. வேட்டியும் புடவையும் சேரும் நடுக்கோடு நெற்றியிலிருந்து பாதம் வரை ஒரு நூல்கூட விலகக் கூடாது. விலகினால் பக்கவாட்டில் நிற்கும்போது மறுபாதி எட்டிப் பார்த்துவிடும். மூன்று முறை பிரித்துத் தைத்தேன். அவர் திரும்பித் திரும்பி ஆடியபோது நான் பாட்டையே கேட்கவில்லை, அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடையில் அவர் பாதிக் கொசுவம் தரையில் இழுபட்டது. முன் நாற்காலி அம்மா எழுந்து வந்து, “இங்க வாம்மா, மிதிச்சிறாத” என்று குனிந்து, இரண்டு விரலால் மடிப்பைச் சரிசெய்து இடுப்பில் செருகிவிட்டார். பேத்திக்குச் செய்வதைப் போலவே செய்தார். பிறகு என்னிடம் வந்து, “எங்க தோட்டத்துல வள்ளி வேசம் போட்டவரும் இப்படித்தான் தடுக்குவாரு” என்றார்.

அந்தப் பேச்சு எனக்கு என் பாட்டியை நினைவூட்டியது. பாட்டி காஜாங் இன்ச் கென்னத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 1890களிலேயே ரப்பர் நட்ட, நாட்டின் மிகப் பழைய தோட்டங்களில் ஒன்று அது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவின் கடைசி இரவு நாடகம் போடுவார்களாம். பெண்கள் மேடையேற மாட்டார்கள். வள்ளியும் நல்லதங்காளும் சந்திரமதியும் ஆண்களே. பால் நிறுக்கும் இடத்தில் வேலை பார்த்த ஒருவர் சந்திரமதியாக வந்து லோகிதாசனைத் தூக்கிக்கொண்டு அழுதபோது லயத்துப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழுதார்களாம். அவருக்குப் பாட்டிதான் தன் கல்யாணப் புடவையை இரவல் கொடுத்தார். அரிதாரக் கறையோடு திரும்பி வந்த அந்தப் புடவையைப் பற்றி மனக்குறை இல்லாமல், பெருமையாகவே சொல்வார்.

தமிழகத்திலும் இதே நிலைதான். 1891இல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபை படித்தவர்களும் வக்கீல்களும் நிறைந்த சபை. அங்கே பம்மலுக்கு ஜோடியாகக் கதாநாயகி வேடம் தாங்கியவர் ரங்கவடிவேலு என்ற ஆண். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அதில் சேர்ந்த டி.கே. சண்முகம் பின்னாளில் ஔவையாராக நடித்து, அந்தப் பெயரையே முன்னால் ஒட்டிக்கொண்டு ஔவை சண்முகம் ஆனார். சிவாஜி கணேசன் பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுவில் சீதை வேடம் கட்டியவர். கமல் ஹாசன் சிறுவயதில் சண்முகம் சகோதரர்களின் டி.கே.எஸ். நாடகக் குழுவில் வளர்ந்தவர். 1996இல் மாமி வேடமிட்ட படத்துக்கு ‘அவ்வை சண்முகி’ என்று பெயர் வைத்தது சண்முகம் அண்ணாச்சிக்குச் செய்த மரியாதை. எதிர்த்திசையிலும் நடந்தது. கே.பி. சுந்தராம்பாள் 1935இல் திரையில் நந்தனாராகவே நடித்தார். ஓர் ஆண் அடியாராகப் பெண் நடித்ததை அன்றைய பக்தர்கள் பார்த்தார்கள்.

இந்த மலேசிய மண்ணுக்கும் இது அந்நியமில்லை. கிளந்தானின் மாக் யோங் நாடகத்தில் அரசன் வேடத்தைப் பெண் ஏற்பதுதான் மரபு. சீன ஆப்பராவில் மெய் லான்ஃபாங் (1894–1961) என்ற ஆண், பெண் வேடத்துக்காகவே உலகப் புகழ் பெற்றவர். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் அன்று இரவு கிடங்குத் தம்பியின் விரல் அசைவுகளைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்; அவருக்கு அவருடைய ஆப்பரா ஞாபகம் வந்திருக்கும்.

பாய்ஸ் கம்பெனிகளில் இருந்த ஒன்று இப்போது இல்லை. வாத்தியார். அங்கே பையன்களுக்குச் சோறு போட்டு, அடித்தும் சொல்லிக்கொடுப்பார்கள். பெண் எப்படித் திரும்புவாள், முந்தானையை எந்த விரலில் பிடிப்பாள், அழும்போது மூச்சு எங்கே நிற்கும் என்று பாடம் நடக்கும். மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பையனுக்குப் பெண் வேடம் கைவிட்டுப் போகும். பிறகு பெண்கள் மேடைக்கு வந்தார்கள், சினிமா வந்தது, கம்பெனிகள் கலைந்தன. பெண்கள் மேடையேறியது நல்லது. அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் கற்றுக்கொடுக்கும் இடம் அதோடு போயிற்று. பெண் வேடத்தில் ஆசையுள்ள பையன் ஒருவன் காஜாங்கிலோ கிள்ளானிலோ இன்று இருந்தால் எங்கே போவான்? என் மூத்தவர் எங்கே கற்றார் என்று கேட்டேன். “கரோக்கே பெட்டியிலதான் அக்கா” என்றார்.

சும்மா சொல்லவில்லை அவர். கரோக்கேயின் கதையே வாத்தியார் இல்லாதவருக்குத் துணை கொடுத்த கதைதான். 1971இல் ஜப்பானின் கோபே நகரில் இனோவே தைசுகே என்ற வாத்தியக்காரர், தான் நேரில் போய் வாசிக்க முடியாத வாடிக்கையாளருக்காக இசையை மட்டும் பதிவு செய்து கொடுத்தார். அந்த யோசனையிலிருந்து காசு போட்டால் பாடும் பெட்டியைச் செய்து மதுக்கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். அதற்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1967இல், நெகிஷி ஷிகேயிச்சி என்பவர் தோக்கியோவில் ஒரு பெட்டி செய்திருந்தார். பாட்டிலிருந்து பாடகரின் குரலை எடுத்துவிட்டால், அந்த வெற்றிடத்தில் யார் வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம். ஆணும் நிற்கலாம். பாடுவது பெண் பாட்டாக இருந்தால் யாரும் தடுக்கப் போவதில்லை.

குரல் விஷயத்தை மூத்தவர் எனக்கு விளக்கியது இது. ஆண் குரலுக்கு ஒன்று, இரண்டு கட்டை வசதி. பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரை. கரோக்கேயில் சுருதியை இறக்கும் பொத்தானை ஐந்து முறை அமுக்கினால் ஐந்து கட்டைப் பாட்டு இரண்டு கட்டைக்கு வந்துவிடும். ஆண் வசதியாகப் பாடலாம். ஆனால் வயலினும் புல்லாங்குழலும் சேர்ந்து இறங்கி, பாட்டே போர்வைக்குள் போனதுபோல் ஆகிவிடும். அதனால் அவர் இரண்டு முறை மட்டும் இறக்கி, மேல் ஸ்தாயியைப் பொய்க்குரலில் பிடிக்கிறார். எல்.ஆர். ஈஸ்வரி பாட்டுக்கு இது பொருந்தும் என்கிறார். அந்தக் குரலில் இருக்கும் கரகரப்பும் வீம்பும் ஆண் தொண்டைக்கு இடம் கொடுக்கும். பி. சுசீலா பாட்டை அவர் தொடுவதில்லை. “அது கண்ணாடி அக்கா, நான் தொட்டா கீறல் விழுந்திரும்.”

தாதித் தம்பி பாடுவதே இல்லை. ஒலிக்கும் பாட்டுக்கு வாயசைத்து ஆடுகிறார். அன்று ஒரு மாமா, “வாயை அசைக்கிறதுல என்ன வித்தை?” என்று முணுமுணுத்தார். 1938இல் ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிக் குரல் வந்த நாள் முதல் நம் நடிகைகள் வாயசைத்துத்தானே நம்மை அழ வைத்தார்கள்? சாவித்திரியின் முகமும் சுசீலாவின் குரலும் இரண்டு பேருடையவை என்று தெரிந்தும் நாம் ஒன்றாகத்தானே பார்த்தோம்? தாதித் தம்பி ஒரு பாட்டை எடுத்தால் பாடகி மூச்சு வாங்கும் இடத்தைக்கூட மனப்பாடம் செய்வார். இரவுப் பணிக்குப் பேருந்தில் போகும்போது காதில் அதையே போட்டுக் கேட்பாராம். அந்த மூச்சில் தோள் எவ்வளவு ஏற வேண்டும் என்பதுவரை அவருக்குக் கணக்கு உண்டு. நான் ரவிக்கை தைக்கும்போது, “அக்கா, இந்த இடத்துல மூச்சு இழுப்பேன், கொஞ்சம் விட்டுத் தைங்க” என்று பாட்டுக்குப் பாட்டு சொல்வார்.

தமிழர்களில் இந்தக் கலையைத் தொழிலாகவே எடுத்து நிலைத்து நின்றவர் என்றால் சிங்கப்பூரின் குமார். 1968இல் பிறந்தவர். 1990களில் பூகிஸ் வட்டாரத்துப் பூம் பூம் ரூம் கேளிக்கை விடுதியில் புடவையும் கவுனுமாக நின்று அவர் பேசிய நகைச்சுவைக்குச் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் காசு கொடுத்து வந்தார்கள். அவர் வாழ்க்கையைச் சொல்லும் புத்தகம் 2011இல் வந்தது. சிங்கப்பூரில் வீடு, வரிசை, அரசாங்கம், இனம் என்று எதையும் அவர் விட்டு வைத்ததில்லை. ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே நடுவில் தமிழையும் மலாயையும் ஹொக்கியனையும் இழுத்துப் போடுவார். என் மூத்தவர் இளவயதில் பேருந்து ஏறிப் போய் அவரைப் பார்த்திருக்கிறார். ஒரு தமிழ்ப் பிள்ளை பெண் வேடத்தில் நிமிர்ந்து நின்று பிழைக்க முடியும் என்பதை அங்கேதான் முதலில் கண்டதாகச் சொன்னார்.

நம் பக்கம் அப்படி ஓர் அரங்கம் நிலைக்கவில்லை. மலேசியாவில் ஷரியா சட்டப்படி ஆண் பெண்ணுடை தரிப்பது முஸ்லிம்களுக்குக் குற்றம். கூட்டரசுப் பிரதேசங்களில் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி 1,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. சிலாங்கூருக்கும் மற்ற மாநிலங்களுக்கும் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. நெகிரி செம்பிலான் சட்டத்தின் அத்தகைய பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2015 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம், வழக்குத் தொடுத்த முறை சரியில்லை என்று அதைத் தள்ளிவிட்டது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இந்தச் சட்டம் இல்லை. ஆனால் 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றச் சட்டத்தில் ‘ஒழுங்கற்ற நடத்தை’ என்ற பிரிவு இருக்கிறது. திருநங்கையர் மேல் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

2022இல் தீபாவளி அக்டோபர் 24. ஐந்து நாள் கழித்து, 29ஆம் தேதி இரவு, கோலாலம்பூர் ஜாலான் சுல்தானில் பழைய ரெக்ஸ் திரையரங்காக இருந்த ரெக்ஸ்கேஎல் கட்டடத்தில் ஹாலோவீன் கொண்டாட்டம். ட்ரேக் கலைஞர்களும் அதில் இருந்தார்கள். காவல்துறையும் கூட்டரசுப் பிரதேச இஸ்லாமிய சமயத் துறையும் உள்ளே புகுந்து பலரைப் பிடித்துச் சென்றன. செய்தி உலகம் முழுக்கப் போயிற்று. அதன் பிறகு என் கடைக்கு வந்த வேலை மாறியது. பெரிய கூடங்களுக்கான நீண்ட வால் வைத்த கவுன்கள் நின்றன. வரிசை வீட்டு வாசலில் தடுக்காத குட்டை முந்தானை கேட்டார்கள். ஆட வந்தவர் எத்தனை அடி அகலத்தில் ஆடப் போகிறார் என்பதை இப்போது துணி வெட்டும் முன்பே கேட்டுக்கொள்கிறேன். பெயர்களை நான் ஏன் எழுதவில்லை என்பதும் இப்போது உங்களுக்குப் புரியும்.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மூத்தவர் முதலில் கேட்பதே வீட்டில் சின்னப் பிள்ளைகள் எத்தனை மணிவரை விழித்திருப்பார்கள் என்பதைத்தான். பத்து மணிவரை பழைய பாட்டும் நடனமும். கேலி எல்லாம் வெண்டைக்காய் விலை, மாமியார், காஜாங் சாலை நெரிசல் பற்றி. வயது வந்தோருக்கான பேச்சு அவர்கள் தூங்கிய பிறகு. பன்னிரண்டு மணிக்கு ஒலிபெருக்கி அணைந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் புகார் கொடுத்தால் வீட்டுக்காரருக்கு அது வெறும் சத்தப் புகார். வேடம் கட்டியவருக்கு அப்படி முடியாது என்பதை மூத்தவர் மறப்பதில்லை.

நம் சமூகம் இந்தப் பிள்ளைகளைக் கலைஞர்களாக ஏற்க வேண்டும் என்று நான் வேண்டிக் கேட்கிறேன். தெருக்கூத்தில் திரௌபதி வேடம் கட்டும் ஆணுக்குக் காலில் விழுந்து கும்பிடுகிறோம். பள்ளி ஆண்டு விழாவில் அப்பாமார் பாவாடை கட்டி ஆடினால் கைதட்டிப் படம் எடுக்கிறோம். அதையே ஒருவர் நன்றாக, பயிற்சியோடு, முழு மனதோடு செய்தால் மட்டும் முகம் சுளிக்கிறோம். விளையாட்டுக்குச் செய்கிறவரைவிட உழைத்துச் செய்கிறவருக்குத்தானே மரியாதை கூட வேண்டும்?

இந்த விடுமுறையில் வீட்டுக்கு இவர்களைக் கூப்பிட நினைப்பவர்களுக்கு, தையல்காரியாக நான் சொல்லக்கூடியவை சில. தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும், ஆள் உயரக் கண்ணாடியும், வெள்ளை வெளிச்சமும் கொடுங்கள். மஞ்சள் விளக்கில் எழுதிய முகம் வாசலுக்கு வந்ததும் வேறு நிறமாகிவிடும். அறையில் மின்விசிறியோ குளிர்சாதனமோ கட்டாயம் வேண்டும். குடிக்கத் தண்ணீரோடு உறிஞ்சுகுழலும் வையுங்கள், உதட்டுச் சாயம் கலையாது. அன்பளிப்புக் கொடுக்க விரும்பினால் ஒரு தட்டு வையுங்கள். கையில் திணிப்பதும் ரவிக்கையில் செருகுவதும் அவர்களுக்குப் பிடிக்காது, மூத்தவர் நேராகவே சொல்லிவிடுவார். அவர்களைக் கேட்காமல் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். முகத்தைத் துடைத்து, ஸ்பாஞ்சைக் கழற்றி, சாதாரண உடைக்கு மாற ஒரு மணி நேரம் ஆகும். பந்தியைச் சுருட்டிவிட்டு விளக்கை அணைத்து அவசரப்படுத்தாதீர்கள், அவர்களுக்கும் ஓர் இலை வைத்திருங்கள். வேடத்தோடு வாடகைக் காடியில் ஏற்றி அனுப்பவே கூடாது.

பேசிய பணத்தை அன்றிரவே கொடுங்கள். அதில் பாதி பொய்முடிக்கும் பசைக்கும் துணிக்கும் போய்விடும் என்பது கணக்குப் பார்த்தவள் நான் சொல்வது. கிறிஸ்துமஸுக்குக் கிள்ளானில் ஒரு வீட்டில் பேசியிருக்கிறார்கள். சிவப்பில் நீளக்கை கவுன், தாதித் தம்பிக்கு. மஸ்ஜித் இந்தியாவில் துணி பார்த்து வைத்திருக்கிறேன், முன்பணம் வந்ததும் வெட்டத் தொடங்கிவிடுவேன்.